கூலி எது? கூலி யார்?



நம் கே.ஜி.கண்டிகையில் இரண்டு பாஷைகள் ஒரே கிணற்றில் தண்ணீர் சேந்துகின்றன. தாய் தெலுங்கில் அதட்டுவாள், பிள்ளை தமிழில் பதில் சொல்லும். சந்தையில் விலை கேட்பது ஒரு பாஷை, பேரம் முடிப்பது வேறு பாஷை. 1911-ல் சித்தூர் ஜில்லா ஏற்பட்டபோது திருத்தணிப் பகுதி அதில் சேர்ந்தது. 1960-ம் வருஷம் ஏப்ரல் 1-ந் தேதி அது சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. எல்லைக் கல்லைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டார்கள். நாக்கை அப்படி நட முடியவில்லை. ஆகையால் இருபுறத்துக்கும் பொதுவான சொற்கள் நம்மிடம் ஏராளம்.

அவற்றில் ஒன்றைப் பற்றி இந்த வாரம் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன். அது படித்தவர்கள் மட்டும் அறிந்த சொல் அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தினம் சொல்லுகிற சொல். அந்தச் சொல் 'கூலி'.

இதை நான் யோசிக்கத் தொடங்கியது ஒரு சிறு சம்பவத்தால். வேர்க்கடலை பிடுங்கும் நாட்களில் ஒரு சாயங்காலம், வரப்பில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் அன்றையக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். எல்லைக்கு அப்புறத்து ஊரிலிருந்து வேலைக்கு வந்த வயதான அம்மாள் ஒருவர் பக்கத்தில் நின்றார். கூட வந்திருந்த அவருடைய பேத்தி தமிழ் எழுத்துக் கற்றவள். நான் எழுதியதை எட்டிப் பார்த்து உரக்கப் படித்தாள்: "கூலி எட்டு."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "மா பேர்லு ராயலேதா?" என்று கேட்டார். எங்கள் பேர்களை எழுதவில்லையா என்று அர்த்தம். அவர் கோபித்துக் கேட்கவில்லை. வெறும் ஆச்சரியமாகத்தான் கேட்டார். ஆனாலும் எனக்குப் பதில் வரவில்லை. நான் எழுதியது எட்டுப் பேருக்குக் கொடுக்க வேண்டிய பணத்தையா, எட்டுப் பேரையா? என் கணக்கில் பணம் எது, மனிதர் யார் என்று எனக்கே தெரியவில்லை. அன்று இரவு இந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

சொல்லின் பிறந்த வீடு

தமிழில் கூலி. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் துளுவிலும் அதே கூலி. இந்த ஐந்து பாஷைகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதற்கு இப்படிப்பட்ட சொற்களே சாட்சி. எல்லாவற்றிலும் அதன் அடிப்படைப் பொருள் ஒன்றுதான்: உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படுவது.

தானியத்துக்குத் தமிழில் 'கூலம்' என்றொரு பழம்பெயர் உண்டு. சிலப்பதிகாரத்து மதுரையில் தானியக் கடைத்தெருவுக்குக் கூலவீதி என்று பெயர். அந்தக் கூலத்திலிருந்தே கூலி பிறந்தது என்று கருதும் தமிழறிஞர்களும் உண்டு. நம் பாட்டனார் காலத்தில் களத்துமேட்டில் மரக்காலால் நெல்லை அளந்து மடியில் கொட்டினார்களே, அதை நினைத்தால் அந்தக் கருத்து பொருத்தமாகவே தோன்றுகிறது.

திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில் இந்தச் சொல்லை எடுத்து ஆளுகிறார். விதி கைவிட்டாலும், உடம்பை வருத்திய முயற்சி தன் கூலியைக் கொடுக்காமல் போகாது என்பது அவர் கருத்து. கூலி என்ற சொல்லில் தாழ்வு ஏதும் இருந்திருந்தால், முயற்சியைப் புகழும் இடத்தில் அவர் அதை வைத்திருப்பாரா?

நம் பேச்சையே கவனியுங்கள். கூலி கொடுத்தான், கூலி வாங்கினாள், கூலி பாக்கி நிற்கிறது என்கிறோம். இங்கெல்லாம் கூலி என்பது கைமாறுகிற பொருள். உழைக்கிற மனிதரைச் சொல்ல வேண்டுமானால் அதோடு வேறொரு சொல்லைச் சேர்க்கிறோம். தமிழில் கூலியாள், கூலிக்காரர், தெலுங்கில் கூலிவாடு. ஆள் வேறு, ஆளுக்குச் சேரவேண்டிய பொருள் வேறு என்று நம் முன்னோர் தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள்.

ஒரே ஓசை உடையவையெல்லாம் ஒரே சொல் என்று எண்ணிவிடவும் கூடாது. நம் தெலுங்குக்கார அண்டை வீட்டார் "கோட கூலிபோயிந்தி" என்றால், சுவர் இடிந்து விழுந்தது என்று அர்த்தம். அது வேறு சொல். ஆனாலும் கூலி வராத வீடு எப்படி இடிந்து போகும் என்பதை நினைத்தால், அந்த ஓசையில் ஓர் எச்சரிக்கை கேட்கத்தான் செய்கிறது.

கடல் கடந்த சொல்

பிறகு நம் கரைகளுக்குக் கப்பல்கள் வந்தன. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் வியாபாரத்துக்கு வந்தார்கள். மூட்டை தூக்க ஆள் தேவைப்பட்டது. அந்த ஆட்களைக் குறிக்க அவர்கள் பிடித்துக்கொண்ட சொல் 'கூலி'.

அந்தச் சொல் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதில் இரண்டு கருத்துகள் உண்டு. நம் தென்னாட்டுக் கூலியே என்பது ஒன்று. குஜராத்துப் பக்கத்தில் வாழும் கோலி என்ற ஜனங்களின் பெயரே திரிந்தது என்பது மற்றொன்று. ஹென்றி யூல், ஏ.சி. பர்னெல் என்ற இருவர் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்னும் அகராதி இரண்டையும் எடுத்து விசாரிக்கிறது. இரண்டு ஓசைகளும் கலந்து ஒன்றாயின என்று கொள்வோரும் உண்டு.

எப்படியானாலும் நடந்த தவறு ஒரே விதமானது. முதல் கருத்து சரியானால், மனிதருக்குக் கொடுக்க வேண்டியதன் பெயர் மனிதர்மேல் ஒட்டப்பட்டது. இரண்டாவது சரியானால், ஒரு முழு ஜனத்தின் பெயர் சுமைக்குப் பெயராயிற்று. இரண்டிலும் மனிதருடைய சொந்தப் பெயர் காணாமற் போயிற்று.

சீனர்கள் இந்தச் சொல்லைத் தங்கள் எழுத்தில் எழுதினபோது, ஓசைக்கு ஏற்றபடி இரண்டு எழுத்துகளைப் பொறுக்கினார்கள். முதல் எழுத்துக்குக் கசப்பு, துன்பம் என்று பொருள். இரண்டாவதற்குப் பலம் என்று பொருள். கசந்த பலம்! சீன ஏழைகள் கியூபாவுக்கும் பெரு தேசத்துக்கும் கப்பல் கப்பலாகக் கொண்டுபோகப்பட்ட காலத்தில், அந்த இரண்டு எழுத்துகளைவிட உண்மையான விளக்கம் எந்த அகராதியும் கொடுத்திராது.

நெட்டால் தேசத்தில்

இது தூரதேசத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 1860-ம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி, 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னைத் துறையை விட்டுப் புறப்பட்டது. நவம்பர் 16-ந் தேதி அது தென் ஆப்பிரிக்காவில் நெட்டால் தேசத்து டர்பனைச் சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் 342 பேர். கரும்புத் தோட்டத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்கள். 1911 வரையில் இப்படிப் போனவர்கள் 1,52,000-க்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் சென்னை வழியாகப் போனவர்கள். திருத்தணி அந்நாளில் சேர்ந்திருந்த வட ஆர்க்காடு ஜில்லாவிலிருந்து போனவர்களும் அவர்களில் அநேகர்.

அவர்களுக்கு முதல் வருஷத்துச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங்கும் உணவுப்படியும். கப்பலில் ஏறும்போது கூலி வாங்கப் போகிறோம் என்று ஏறினார்கள். இறங்கும்போது அவர்களே 'கூலி' ஆகிவிட்டார்கள். அந்தத் தேசத்தில் இந்தியர் எவரானாலும், வியாபாரியானாலும் வக்கீலானாலும், அந்தப் பெயர்தான். மகாத்மா காந்தியையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள்.

1894-ல் டர்பனில் காந்தியிடம் பாலசுந்தரம் என்ற தமிழர் வந்தார். எஜமான் அடித்ததால் முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். வெள்ளைக்காரர் முன் ஒப்பந்தத் தொழிலாளி அப்படித்தான் நிற்க வேண்டும் என்று அங்கே பழக்கப்படுத்தியிருந்தார்கள். காந்தி முதலில் அந்தத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளும்படி அவரிடம் சொன்னார். அதன் பிறகு மாஜிஸ்திரேட்டிடம் போய், அவரை வேறு எஜமானிடம் மாற்றிவிட்டார். பாலசுந்தரம் என்ற அந்தப் பெயர் இன்றும் காந்தியின் சுயசரிதையில் நிற்கிறது. அடித்தவனுக்கு அவர் ஒரு கூலி. கேட்டவருக்கு அவர் ஒரு பாலசுந்தரம்.

இன்னொன்றும் கேளுங்கள். ஒப்பந்த காலம் முடிந்து, அங்கேயே சுதந்திரமாக வாழ விரும்பியவர் வருஷத்துக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்று 1895-ல் சட்டம் செய்தார்கள். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். மூன்று பவுனுக்கு 60 ஷில்லிங். மாதம் 10 ஷில்லிங் வாங்கிய காலத்துக் கணக்கில் அது ஆறு மாதக் கூலி! சில வருஷங்களில் அந்த வரி அவர்கள் பிள்ளைகள்மேலும் விழுந்தது. 1913-ல் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். 1914-ல் வரி ஒழிந்தது. கூலி வாங்கப் போனவன், மனிதனாக நடமாடுவதற்கே கூலி கொடுக்க வேண்டி வந்தது என்பதுதான் அந்த வரியின் பொருள்.

யார் யாருக்குக் கடன்காரர்?

இங்கேதான், பிரியமானவர்களே, நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். ஒரு சொல் பொருள் மாறினால் என்ன நஷ்டம்?

நஷ்டம் இதுதான். கூலி என்பது ஒரு பொருள் என்று இருக்கும்வரையில், அதைக் கொடுக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். வேலை முடிந்த நிமிஷத்தில் வேலை வாங்கினவர் கடன்காரர் ஆகிறார். உழைத்தவர் கடன் கொடுத்தவர். தம்முடைய ஒரு பகலை, திரும்பி வராத ஒரு பகலை, முன்கூட்டியே கொடுத்துவிட்டு நிற்கிறவர் அவர். ஆனால் கூலி என்பது மனிதர் என்று ஆகிவிட்டால், கொடுக்க வேண்டியது எது என்பதே மறைந்துபோகிறது. கடனின் பெயரைக் கடன் கொடுத்தவருக்கே சூட்டிவிட்டால், கடன்பத்திரத்தைக் கிழித்துவிட்டதற்குச் சமம் அல்லவா?

அதோடு நிற்காது. அடுத்த படி, உழைப்பவரையே கடன்காரர் ஆக்குவது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு வழக்கம் இருந்தது. நம் தமிழ்ச்சொல்லேதான், அது அங்கே இங்கிலீஷ் சட்டத்திலும் நுழைந்தது. கங்காணி மூலம் வந்த தொழிலாளர்மேல் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டுகிற துரைக்கு இவர்களை விட்டுவிடுகிறேன் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கிற காகிதம் அது. அந்தக் காகிதத்தோடு குடும்பங்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறின. 1921-ல்தான் அது ஒழிக்கப்பட்டது.

நம் நாட்டில் கொத்தடிமை முறை 1976-ம் வருஷச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அப்படியிருந்தும், நம் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலிருந்தே குடும்பம் குடும்பமாகத் தொழிலாளரை அதிகாரிகள் மீட்ட செய்திகளைச் சமீப வருஷங்களிலும் படித்திருக்கிறோம். அங்கே நடப்பதும் அதே கணக்குத்தான். முதலில் ஒரு முன்பணம் கொடுப்பார்கள். பிறகு எவ்வளவு உழைத்தாலும் அது தீராது. கொடுக்க வேண்டியவர் வாங்க வேண்டியவராகவும், வாங்க வேண்டியவர் கொடுக்க வேண்டியவராகவும் தலைகீழாக நிறுத்தப்படுகிறார்கள். சொல்லில் முதலில் நடந்த புரட்டு வாழ்க்கையில் நடந்து முடிகிறது.

இன்னொரு கூலியின் கதை

இனி வேறொரு பாஷையில் இதே பொருளுடைய சொல் ஒன்று என்ன ஆயிற்று என்று பாருங்கள். நம் பெரியவர்கள் பூசையில் கேட்டுப் பழகின லத்தீனில் கூலிக்கு 'மெர்ச்செஸ்' என்று பெயர். அந்தச் சொல்லிலிருந்து கூலிக்குப் போர் செய்கிறவனைக் குறிக்கும் 'மெர்ஸினரி' என்ற இங்கிலீஷ் சொல் வந்தது. நாமும் அப்படியே கூலிப்படை என்கிறோம். அதுமட்டுமல்ல. அதே வேரிலிருந்துதான், பிரெஞ்சு வழியாக, இரக்கத்தைக் குறிக்கும் இங்கிலீஷ் 'மெர்ஸி' வந்தது. பாண்டிச்சேரியில் நன்றி சொல்ல 'மெர்சி' என்பார்களே, அதுவும் அதுவே. ஸ்பெயின் தேசத்தார் தேவமாதாவை இரக்கத்தின் அன்னை என்று அழைக்கும் 'மெர்செதெஸ்' என்ற பெயரும் அந்த வேரில் முளைத்ததுதான். அது பெண்பிள்ளைகளுக்கு இடும் பெயராயிற்று. அப்படிப் பெயரிடப்பட்ட ஒரு சிறுமியின் பெயரால் ஒரு மோட்டார் வண்டியும் வந்தது. பெரிய மனிதர் ஏறிச் செல்லும் அந்த வண்டியின் நெற்றியில் இருப்பதும், வேரைத் தோண்டிப் பார்த்தால், கூலிதான்!

ஆக, ஒரு கூலிச் சொல் ஒரு கரையில் இரக்கமாகவும் நன்றியாகவும் மாறிற்று. அதே பொருளுடைய நம் சொல் வேறொரு கரையில் வசவாக மாறிற்று. தென் ஆப்பிரிக்காவில் ஓர் இந்தியரை அந்தச் சொல்லால் அழைப்பது இன்றும் கடும் நிந்தை. சொற்களில் குற்றமில்லை. அவற்றை வாயில் வைத்திருந்தவர்கள் எதிரே நின்ற மனிதரை எப்படிப் பார்த்தார்களோ அப்படி அவை வளர்ந்தன.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கூலியே இரக்கம் அல்ல. கூலி நீதி. கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுத்துவிட்டு, தர்மம் செய்தேன் என்று யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது. கூலிக்கு மேல் கொடுப்பதே இரக்கம். அர்ச். மத்தேயு எழுதின சுவிசேஷத்தில் சேசுநாதர் சொன்ன திராட்சத்தோட்டத்து உவமையை நினைத்துப் பாருங்கள். காலையில் வந்தவர்களுக்குப் பேசின கூலி குறைவில்லாமல் கொடுக்கப்பட்டது. அது நீதி. சாயங்காலம் கடைசி மணி வேளையில் வந்தவர்களுக்கும் அதே கூலி கொடுக்கப்பட்டது. அது இரக்கம். முந்தினவர்களுக்குரியதில் பிடித்துப் பிந்தினவர்களுக்குக் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பிந்தினவர்கள் சோம்பேறிகளும் அல்ல. எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றல்லவா அவர்கள் சொன்னார்கள்!

நம் பிள்ளைகள் ஞானோபதேசத்தில் படிக்கும் 'வானத்தை நோக்கி முறையிடும் பாவங்கள்' நான்கு. அவற்றில் ஒன்று கொலை. மற்றொன்று, வேலையாட்களுக்குக் கூலி கொடாமல் வஞ்சிப்பது. கொலையோடு ஒரே வரிசையில் அதை வைத்தது ஏன்? ஏழைக்குக் கூலி அவன் உயிர். ஆகவே தான் பழைய ஏற்பாட்டில் உபாகமம், சூரியன் அஸ்தமிக்கும் முன்னே கூலியைக் கொடுத்துவிடச் சொல்லுகிறது. அர்ச். யாகப்பரின் நிருபமும் பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிடுவதாகச் சொல்லுகிறது.

சில ஆட்சேபங்கள்

"பேசின கூலியைக் கொடுத்துவிட்டேன்; அவரும் சம்மதித்துத்தான் வந்தார்" என்று ஒருவர் சொல்லலாம். 1891-ல் 13-ம் சிங்கராயர் பாப்பரசர் தொழிலாளரைப் பற்றி எழுதின நிருபத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. இருவரும் சம்மதித்தார்கள் என்பதால் மட்டும் கூலி நீதியாகிவிடாது. ஒழுங்காக, சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைப்பதற்கு அது போதுமானதாய் இருக்க வேண்டும். வயிறு காய்ந்தவன் எதற்கும் சம்மதிப்பான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாகாது. 2025 மே மாதத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட 14-ம் சிங்கராயர் பாப்பரசர், அந்தப் பெயரைத் தாம் எடுத்துக்கொண்டதற்கு முக்கியக் காரணமாக அந்த நிருபத்தையே குறிப்பிட்டார்.

"வேலைக்கு வருகிறவர்கள் மட்டும் யோக்கியமா? பாதி வேலை செய்து முழுக் கூலி கேட்கிறார்களே" என்று வேறொருவர் சொல்லலாம். அதுவும் அநீதிதான். மலையாளத்தில் 'நோக்குகூலி' என்று ஒரு சொல் உண்டு. வேறொருவர் சுமை இறக்குவதைச் சும்மா நின்று நோக்கியதற்காகக் கேட்கும் கூலி! கேரள அரசாங்கம் 2018 மே 1-ந் தேதி முதல் அதைத் தடுத்தது. உழைப்பாளர் தினத்தையே அதற்குத் தேர்ந்தெடுத்தது பொருத்தம். உழைப்பில்லாத கூலியும், கூலியில்லாத உழைப்பும் ஒரே திருட்டின் இரண்டு முகங்கள். ஆனாலும் ஒருவர் அரை நாள் ஏமாற்றினார் என்பதற்காக மற்ற ஏழு பேரின் கணக்கில் கைவைக்க நமக்கு உரிமை ஏது?

"இதெல்லாம் வெறும் சொல்தானே, சொல்லை மாற்றிவிட்டால் போயிற்று" என்பது மூன்றாவது ஆட்சேபம். மாற்றியும் பார்த்திருக்கிறார்கள். மொரீசியஸ் தீவில் ஒப்பந்தத் தொழிலாளர் வந்து இறங்கின இடத்துக்கு முன்பு 'கூலி காட்' என்று பெயர். பிற்காலத்தில் அதை 'ஆப்பிரவாசி காட்' என்று மாற்றினார்கள். குடிபெயர்ந்து வந்தோரின் துறை என்பது பொருள். 2006-ல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. நம் ரயில் நிலையங்களில் சிவப்புச் சட்டை போட்டுச் சுமை தூக்குகிறவர்களைக் 'கூலி' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். 2016-ம் வருஷத்து ரயில்வே பட்ஜெட்டில் அவர்களுக்கு 'சஹாயக்' என்று புதுப் பெயர் அறிவித்தார்கள். உதவி செய்பவர் என்று அர்த்தம். நல்ல காரியம். கௌரவமான பெயர் வேண்டியதுதான். ஆனால் பெயர் உயர்ந்து, கொடுக்கும் பணம் உயராவிட்டால், பழைய மூட்டைக்குப் புதுத் துணி சுற்றினது போலத்தான். தலையில் பாரம் குறையாது.

ஆகையால் நான் சொல்ல வருவது, கூலி என்ற சொல்லை விட்டுவிட வேண்டும் என்பது அல்ல. அதைத் திரும்பவும் அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்பதே. கூலி என்பது பணம். கூலி என்பது நம் கையிலிருந்து போக வேண்டிய கடன். கூலி மனிதர் அல்ல. மனிதருக்கு ஒரு பெயர் உண்டு. ஞானஸ்நானத் தொட்டியில் நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தானே கூப்பிட்டார்கள்?

நம் வீடுகளில்

இனி நம் வீட்டுக் காரியத்துக்கு வருவோம். நம் பங்கில் கூலி கொடுக்கிறவர்களும் உண்டு, கூலி வாங்குகிறவர்களும் உண்டு. ஒரே குடும்பத்தில் இரண்டும் உண்டு. இன்று தறியில் கூலிக்கு நெய்கிறவர், நாளைக்கு வீடு கட்டக் கொத்தனாரை அழைப்பார். ஆகையால் இது யாரோ பணக்காரருக்குச் சொல்லுகிற புத்திமதி அல்ல.

சாயங்காலம் கொடுக்க வேண்டியதைச் சாயங்காலமே கொடுத்துவிடுங்கள். "சில்லறை இல்லை, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது வாங்கிக்கொள்" என்று சொல்லுவது நமக்குச் சுலபம். அவர் வீட்டில் அன்று உலை வைக்க வேண்டும். அடுப்புக்குத் தவணை கிடையாது.

ஆண் வெட்டின வரப்புக்கு ஒரு விலையும், அதே வரப்பைப் பெண் வெட்டினால் குறைந்த விலையும் வைக்காதீர்கள். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்தது. சட்டம் வந்தும் நம் களத்துமேட்டுக்கு அது வந்து சேர இத்தனை வருஷம் ஆகலாமா?

உங்கள் மகன் பட்டணத்துக் கம்பெனியில் வாங்குவதைச் சம்பளம் என்கிறீர்கள். உங்கள் வயலில் உழைக்கிறவர் வாங்குவதைக் கூலி என்கிறீர்கள். மாதத்துக்கு ஒரு பெயர், நாளுக்கு ஒரு பெயர் என்றால் இருக்கட்டும். ஒன்றைச் சொல்லும்போது குரல் உயர்ந்து, மற்றதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்தால், அங்கே பாவம் ஒளிந்திருக்கிறது. பிள்ளைகள் சொற்களை நம்மிடம் கற்கிறார்கள். குரலையும் நம்மிடமே கற்கிறார்கள். "படிக்காவிட்டால் கூலி வேலைக்குத்தான் போவாய்" என்று பிள்ளையை மிரட்டுகிற வீட்டில், வாசலில் நிற்கும் கூலியாளுக்கு மரியாதை எங்கிருந்து வரும்? அதைக் கேட்டுக்கொண்டே அவர் நிற்கிறாரே!

அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். மறுநாள் காலையில் நோட்டுப் புத்தகத்தோடு வரப்புக்குப் போனேன். எட்டுப் பேரையும் பெயர் கேட்டேன். முதலில் சிரித்தார்கள். எதற்காகவோ விசாரணை என்று ஒருவர் பயந்தார். பிறகு ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவர்களைக் கேளாமல் அந்தப் பெயர்களை இங்கே அச்சிட எனக்கு உரிமையில்லை. ஆனால் என் நோட்டில் அவை இருக்கின்றன. பக்கத்தின் இடதுபுறம் எட்டுப் பெயர்கள். வலதுபுறம், அவற்றுக்கு எதிரே, கூலி. அந்தப் பேத்தி அதையும் எட்டிப் பார்த்து, தன் பாட்டியின் பெயரை உரக்கப் படித்தாள். பாட்டி தலையை ஆட்டிவிட்டுக் கடலை பிடுங்கப் போய்விட்டார்.

ஒரு நாள் சர்வேசுரன் நம் கணக்குப் புத்தகத்தைக் கேட்பார். இன்று மாலை விளக்கு வைத்தபின், உங்கள் வீட்டு நோட்டை எடுத்து ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பாக்கி ஏதாவது நின்றால், அது யாருக்கு என்று பெயர் எழுதி வையுங்கள். பெயரை எழுதிவிட்டால், கொடுக்காமல் தூங்குவது கடினம்.